வால் மூடிய நீரெலி

ஹால்ஸ்டட்
மே 6

அன்புள்ள எல்டன் அண்ணா,

தொலைபேசியில் கூப்பிட்டால் உனக்குக் கேட்காது. கேட்டாலும் கேட்காத மாதிரி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அப்பாவை அடக்கம் செய்த அன்று நான் பேசியதற்கு நீ இன்னும் கோபமாக இருந்தால் கோபத்தோடேயே படி. எனக்கு ஒரு வயல் வேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் கடைசியில் புது மாணவர் வரவேற்பு வாரம். ஆண்டுக்கு ஒரு லோகோ. போன ஆண்டு பலூன் வரைந்தோம். பலூன் பறவைகளைக் கொல்லும் என்று புகார் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு கையசைக்கும் கை. பெற்றோர் பலர் அதைப் பார்த்து, பிள்ளை தங்களை வழியனுப்புகிறான் என்று அழுதார்கள். இந்த ஆண்டு எனக்கு வந்த உத்தரவு: 'விளையாட்டாக இருக்கட்டும், ஆனால் பொறுப்பான விளையாட்டாக இருக்கட்டும்.' மார்ச்சில் இந்த அறையில் மூன்று வடிவமைப்பாளர்கள் இருந்தோம். இப்போது நானும் இரண்டு காலி நாற்காலிகளும் இருக்கிறோம். ஆகவே மிகுந்த பொறுப்போடு விளையாடினேன்.

எங்கள் அணிகளின் சின்னம் நீரெலி. அதை நான் பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்தேன். மூக்கில் தொடங்கி, கன்னம், காது, தொப்பை எல்லாம் சுற்றி, வால் நுனியில் கோடு வெளியே ஓடிவிடும். துணைவேந்தர் அதைப் பார்த்துக் கைதட்டினார். "அட, இதுக்குள்ள நடக்க முடியுமா?" என்றார். இலையுதிர்காலத்தில் எல்லாரும் சோளக்காட்டில் புதிர்ப்பாதை வெட்டிக் கூட்டம் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறார் போலும். பயத்தில், "எங்க அண்ணன்கிட்ட சோளக்காடு இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

சரியென்று எழுது. இல்லையென்றால் மூன்றாவது நாற்காலியும் காலியாகிவிடும்.

சிக்னே

*

மே 14

சிக்னே,

கோபத்தோடேயே படித்தேன். மேற்கு வயலைத் தருகிறேன். செடி முழங்கால் உயரம் வரும்போது உன் எலியை வெட்டித் தருகிறேன். படத்தை ஜூனுக்குள் முடி. அதற்குப் பிறகு வரும் திருத்தங்களைச் சோளம் ஏற்றுக்கொள்ளாது.

ஒன்றை மட்டும் உன் துணைவேந்தரிடம் சொல். அது வேடிக்கைக்கு வளர்க்கும் சோளம் இல்லை. மாடுகளுக்குக் குளிர்காலத் தீனி. பச்சை வற்றுவதற்கு முன் தண்டோடு வெட்டியாக வேண்டும். அந்த நாளை நானும் சோளமும் முடிவு செய்வோம். டுவெய்ன் தன் வெட்டு மெஷினோடு வருவான். அந்த மெஷினின் வாயில் எட்டு வரிசை ஒரே நேரத்தில் போகும். வரிசைக்குள் என்ன இருக்கிறது என்று அது கேட்காது.

நம் வீட்டில் மெஷினைக் கிளப்பும் முன் எல்லாரும் பால் அறைச் சுவரோரம் வரிசையாக நிற்போமே, நினைவிருக்கிறதா? அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவாள், நாயைக் கயிற்றில் பிடித்திருப்போம், ஓட்டுகிறவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். இப்போது சுவரோரம் நானும் நாயும்தான். இருந்தாலும் நிற்கிறோம். டுவெய்ன் சிரிப்பான், ஆனால் பார்ப்பான்.

என் காதைப் பற்றி நீ எழுதியது சரிதான். இடதில் ஒன்றுமில்லை. வலதில் ஒரு குளவி இருக்கிறது, அது ஓய்வதில்லை.

எல்டன்

*

ஜூன் 9

அண்ணா,

நன்றி. படம் இத்துடன் இருக்கிறது. நீ பார்க்கப்போவது நான் முதலில் வரைந்தது இல்லை.

குழுக் கூட்டத்துக்கு மாணவர் தக்கவைப்புத் துறையின் இயக்குநர் டாக்டர் பெவர்லி ஸ்டாங்க் வந்தார். சேர்ந்த பிள்ளைகள் பாதியில் ஊருக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சென்ற ஆண்டு நிறையப் பேர் திரும்பிவிட்டதால் அவரும் என்னைப் போலவே பயந்திருக்கிறார். பதவி பெரிதென்பதால் அவர் பயத்துக்குக் குரலும் பெரிது.

"சிக்னே, இந்த வால் எங்க போகுது?"

"வெளிய போகுதுங்க. மூக்கு வழியா உள்ள வந்து வால் வழியா வெளிய போயிடலாம்."

"அதாங்க பிரச்சினையே. வந்து இறங்கின முதல் வாரத்துலயே பசங்களுக்கு வெளிய போற வழியைக் காட்டணுமா?"

"அது சோளக்காட்டுல நடக்கறதுக்காக..."

"லோகோவுக்கு எங்க வெச்சாலும் ஒரே அர்த்தம்தான்."

சட்டப்பிரிவிலிருந்து வந்தவர் அதுவரை குக்கீ தின்றுகொண்டிருந்தார். "வட்டமா மூடிட்டா நல்லதுங்க. வட்டத்துக்கு ஓரம் கிடையாது, யாரும் விழ மாட்டாங்க," என்றார். எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

வாலை வளைத்துத் தாடையோடு சேர்த்துவிட்டேன். சிரிக்கும் வாயில் ஒரு சிறு திறப்பு இருக்கிறது. அதுதான் வாசல். வந்த வழியே திரும்பலாம் என்று குழு கருதுகிறது. டாக்டர் ஸ்டாங்க் என்னைத் தழுவிக்கொண்டு, "இப்பத்தான் இது நம்ம எலி!" என்றார்.

எனக்கு அந்த எலியின் சிரிப்பு பிடிக்கவில்லை. வரைந்தது நான்தான்.

சிக்னே

*

ஜூன் 21

சிக்னே,

வெட்டிவிட்டேன். முளை அடித்து, கயிறு கட்டி, சின்ன டிராக்டரில் புல்வெட்டியை மாட்டி, உன் படத்தில் இருக்கிறபடியே செய்திருக்கிறேன்.

இப்போது செடி முழங்காலுக்கு இருக்கிறது. நின்றால் எல்லா வளைவும் தெரிகிறது, அதனால் சிரிப்பு வருகிறது. நான் வேண்டுமென்றே மண்டியிட்டுப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. இரண்டு கன்னமும் ஒரே மாதிரி. இரண்டு காதும் ஒரே மாதிரி. வால் வந்து சேரும் இடத்தில் போய்க்கொண்டிருக்கிறோமா திரும்புகிறோமா என்று தெரியாது. வாயைத் தவறவிட்டால் மறுபடி மூக்கு. ஆகஸ்ட் கடைசியில் இது ஆள் உயரம் இல்லை, ஆள் மேல் ஆள் நிற்கும் உயரம். உள்ளே வந்தவனுக்கு வந்த வழி நினைவிருக்கும் என்று எந்தக் குழு சொன்னது?

வால் நுனியை வேலிவரை திறந்துவிடட்டுமா? அரை மணி நேர வேலை. மேலிருந்து பார்த்தால் எலிக்கு மீசை ஒன்று இடம் மாறிய மாதிரி இருக்கும். யாருக்கும் தெரியாது.

நான் எளிதில் பயப்படுகிறவன் இல்லை. காளையிடம் முட்டுப்பட்டிருக்கிறேன். இதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

எல்டன்

*

ஜூன் 27

அண்ணா,

தயவுசெய்து திறக்காதே. டிரோனை அனுப்பி மேலிருந்து படம் எடுத்துவிட்டார்கள். பனியனில் அச்சாகிவிட்டது. கோப்பையில், போர்வையில், துணைவேந்தர் வீட்டு வாசல் மிதியடியில்கூட வந்துவிட்டது. வால் திறந்த எலி ஒன்று வயலிலும் மூடிய எலி ஒன்று மிதியடியிலும் இருந்தால் எது தவறு என்று கேட்பார்கள். வயல்தான் தவறு என்று முடிவாகும். அதை வரைந்தவள் யார் என்று அடுத்த கேள்வி வரும்.

எந்த லோகோவுக்கும் பயன்பாட்டு விதிகள் என்று ஒரு தாள் உண்டு. அச்சகக்காரர்கள் படத்தைக் கெடுக்காமலிருக்க எழுதுவது. இதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்: கோட்டை உடைக்கக் கூடாது. கோட்டைக் குறுக்கே கடக்கக் கூடாது. கோட்டை நேராக்கக் கூடாது. நானே எழுதிய விதியை என் அண்ணனே மீறினான் என்றால் எங்கே போய் நிற்பேன்?

பிள்ளைகளோடு வழிகாட்டி மாணவர்கள் வருவார்கள். ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்று தினமும் குளிக்கும்போது சொல்லிக்கொள்கிறேன்.

சிக்னே

*

ஆகஸ்ட் 18

சிக்னே,

திறக்கவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எலியின் வாலுக்குப் பயந்த பல்கலைக்கழகத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

நேற்று களை பார்க்க உள்ளே போனேன். வெளியே வர நேரமாகிவிட்டது. எவ்வளவு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. என் நிலம், நான் வெட்டிய பாதை. காது உள்ளவர்களுக்குச் சோளக்காட்டில் திசை உண்டு. சாலையில் வண்டி போகும் சத்தம், மாட்டுக் கொட்டகையில் பால் பம்பின் சத்தம் என்று ஏதாவது இருக்கும். எனக்கு நாலு பக்கமும் ஒரே பச்சைச் சுவர். கடைசியில் பாதையை விட்டுவிட்டு ஒரு வரிசைக்குள் புகுந்து, வரிசை மாறாமல் நேராக நடந்து வேலிக்கு வந்தேன். இங்கே வளர்ந்த குழந்தைக்கும் இது தெரியும். உன் பிள்ளைகளுக்குச் சொல்லிவை: வழி தவறினால் பாதையை விடு, ஒரே வரிசையைப் பிடி.

மழை குறைந்து சோளம் சீக்கிரமே வற்றுகிறது. டுவெய்ன் 31ஆம் தேதி சனிக்கிழமை காலையில் வருகிறான். உங்கள் கூத்து 30 அன்று. திரும்பிப் போக பஸ்ஸில் ஏற்றும் முன் எல்லாரையும் பால் அறைச் சுவரோரம் நிறுத்து. நான் முகம் பார்க்க வேண்டும்.

எல்டன்

*

ஆகஸ்ட் 30, வெள்ளி மாலை
(பஸ் ஓட்டுநர் ரோஸ்கோ கையில்)

அண்ணா,

ரோஸ்கோவின் வீடு உன் பக்கம்தான். இதை நேரே உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சுவரோரம் நிறுத்தவில்லை. நீ கோபத்தோடு கொட்டகைக்குள் போய்விட்டாயாம். சுவரோரம் வரிசையாக நிறுத்துவது வரவேற்பு உணர்வுக்கு ஏற்றதில்லை என்று டாக்டர் ஸ்டாங்க் சொல்லிவிட்டார். "எல்லாரும் கைப்பட்டையை ஸ்கேன் பண்ணிட்டாங்க சிக்னே. கம்ப்யூட்டர் சொல்லுது, எல்லாரும் வந்தாச்சு." ஸ்கேன் செய்தது ஐஸ்கிரீம் வண்டியில். ஒருத்தன் இரண்டு வாங்கினால் இரண்டு பேர்.

பஸ்ஸைக் கூட்டும்போது ரோஸ்கோவுக்கு ஒரு தோள்பை கிடைத்தது. யாரும் கேட்டு வரவில்லை. உள்ளே மூக்குக்கண்ணாடியும் ஸ்வெட்டரும் இருக்கின்றன, பெயர் இல்லை. இங்கே இரவுக் குளிரில் ஸ்வெட்டரையும் கண்ணாடியையும் யாராவது மறந்துவிட்டு சும்மா இருப்பார்களா?

இன்னொன்று. உள்ளே விடும்போது வழிகாட்டி மாணவன் விதிகள் படித்தானாம். என்ன விதி என்று கேட்டேன். தாளைக் காட்டினான். என்னுடைய தாள். கோட்டை உடைக்காதே, கடக்காதே, நேராக்காதே. விளையாட்டின் விதி என்று நினைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் உரக்கப் படித்திருக்கிறான். நீ எழுதியனுப்பிய வரிசை யோசனையை நான் டாக்டர் ஸ்டாங்க்கிடம் கொடுத்தேன். அது பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று எடுத்துவிட்டார்.

நான் வந்திருக்க வேண்டும். இன்னும் சிறிது நேரத்தில் பெற்றோர் விருந்து. அந்த எலியின் பெரிய பதாகைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ஷெரீஃபைக் கூப்பிடுவோம் என்றேன். "காணாமப் போனது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? ஒரு பைன்னா?" என்று டாக்டர் ஸ்டாங்க் கேட்டார்.

மெஷினைக் கிளப்பாதே. காரணம் என்னிடம் ஒரு பை மட்டும்தான். கிளப்பாதே.

சிக்னே

*

ஆகஸ்ட் 31

சிக்னே,

டிராக்டரில் உட்கார்ந்து விதைக்கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மதியம் ஆகிவிட்டது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. நீ வரவில்லை, ஒரு தாள் வந்தது. பரவாயில்லை, தாளாவது வந்ததே.

காலையில் டுவெய்ன் மெஷினோடு வந்தான். அவன் உதட்டைப் பார்த்தே எனக்குப் புரியும், அதிலும் கெட்ட வார்த்தை நன்றாகப் புரியும்.

"எல்டன், பின்னால இடி வருது பாரு. இப்ப வெட்டலேன்னா வயலு சேறாயிடும். அப்புறம் பத்து நாளைக்கு என் மெஷின் உள்ள எறங்காது. உன் மாடு பனிக்காலத்துல என்னத்தத் தின்னும், லோகோவையா?"

"உள்ள ஆள் இருக்கலாம்."

"யாரு சொன்னா?"

"ஒரு பை."

"பை சொல்லுச்சா! உனக்கு மனுசன் பேசுறதே கேக்காது, பை பேசுறது மட்டும் கேக்குதாக்கும்."

ஷெரீஃப் அலுவலகத்துக்கு அவனையே அனுப்பினேன். ஒருவர் வந்தார். வண்டி வயர்லெஸ்ஸில் உன் பல்கலைக்கழகத்தோடு பேசினார். எல்லாரும் இருக்கிறார்கள் என்று பதில் வந்ததாம். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு நான் உள்ளே போனேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. யாராவது பதில் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்? செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே செவிடனே சங்கை ஊதிக்கொண்டு காட்டுக்குள் சுற்றுகிறான். இரண்டு வரிசை தள்ளி ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கலாம், நான் அதைத் தாண்டிப் போயிருக்கலாம். இலை அசையும் இடமெல்லாம் ஓடினேன். காற்றில் எல்லா இலையும் அசைந்தது. பயத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று தெரியவில்லை.

டுவெய்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். காதில் கையைக் குவித்துக்கொண்டு நின்றான். பிறகு உதட்டைப் பிதுக்கினான். முப்பது ஆண்டு அந்த மெஷின் மேல் உட்கார்ந்தவன். அவனுக்கும் என் குளவிதான்.

அதனால் இப்போது செய்யப்போவதைச் சொல்கிறேன். உன் வேலைக்கு இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சின்ன டிராக்டரில் புல்வெட்டியை மாட்டியிருக்கிறேன். வேலியிலிருந்து எலியின் நடுவயிறு வரைக்கும் நேராக ஒரு பாதை வெட்டப்போகிறேன். எல்லா வளைவும் அந்தப் பாதையில் வந்து திறக்கும். கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் அந்தத் தூரம் வண்டி நகரும். "முன்னால நான் நடக்கிறேன். நீ என் முதுகையே பாத்துக்கிட்டு வா, நான் கையைத் தூக்கினா நிறுத்து. நிறுத்தல, உன்னைக் கொன்னுருவேன்" என்று டுவெய்ன் சொல்கிறான். தீவனச் சாக்கு ஒன்றைக் கொடியாகக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறான். காலையில் சிரித்த முகம் இல்லை அது.

மழைத்துளி தாளில் விழுகிறது.

ஞாயிறு காலை: நேற்று எழுதியதை அனுப்ப முடியவில்லை. பாதையை நடுவயிறு வரை வெட்டினோம். யாரையும் பார்க்கவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது, மாலைவரை விடவில்லை. இன்று விடிந்ததும் போய்ப் பார்த்தேன். சேற்றில் காலடித் தடம். வலது கன்னத்திலிருந்து நேர்ப்பாதைக்கு வந்து, வேலியைத் தாண்டி, நெடுஞ்சாலைவரை போயிருக்கிறது. சின்னக் கால். ஒரு ஷூ இருக்கிறது, ஒன்று இல்லை. தார்ச்சாலையில் தடம் நின்றுவிட்டது.

யார் என்று கண்டுபிடி. அந்த மிதியடியை விட்டு வெளியே வந்து கண்டுபிடி.

எல்டன்

*

செப்டம்பர் 5

அண்ணா,

உயிரோடு இருக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிட்டேன். இனி மெதுவாகப் படி.

பெயர் யெசேனியா. சிகாகோக்காரி, பதினெட்டு வயது. விடுதியில் தனி அறை, அதனால் ஓர் இரவு அவள் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. சனி மாலை பால் வண்டிக்காரர் ஒருவர் சாலையில் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். நேற்று என் அறைக்கு அவளாகவே வந்தாள். அந்தப் பனியனைத் துவைத்து மடித்துக் கையில் வைத்திருந்தாள். காலி நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"மேடம், லோகோ பத்தின விதியெல்லாம் எழுதினது நீங்கதானே? நான் கோட்டைக் கடந்துட்டேன். என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்களா?"

அண்ணா, அவள் வழி தெரியாமல் மட்டும் உள்ளே இருக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் வாயைத் தவறவிட்டிருக்கிறாள். சோளத்துக்குள் புகுந்து நேராக நடக்கலாம் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. கடக்கக் கூடாது என்று சொன்னார்களே என்று கன்னத்திலேயே இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். உதவித்தொகையில் படிக்க வந்தவள். முதல் வாரத்திலேயே விதி மீறியவள் என்று பெயர் வாங்கப் பயம்.

"பக்கத்துல யாரும் வரலையாம்மா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் வந்தாரு. வயசானவரு. கத்திக்கிட்டே வந்தாரு. நான் குரல் குடுத்தேன் மேடம், நல்லா சத்தமாத்தான். அவரு அந்தப் பக்கம் திரும்பிட்டுப் போயிட்டாரு. மறுபடி வந்தப்ப ரொம்பத் திட்டினாரு. என்னைத்தான் திட்டுறாருன்னு நெனச்சு அப்புறம் வாயைத் திறக்கல. டிராக்டர் சத்தம் வந்தப்ப படுத்துக்கிட்டேன். மழை விட்டப்புறம் பாத்தா நேரா ஒரு வழி இருந்துச்சு, அதுல வந்துட்டேன்."

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்தேன். எழுதாமல் விட்டால் நானும் குழுவில் ஒருத்தியாகிவிடுவேன். அவளிடம் உன் காதைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் அழுதாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டர் ஸ்டாங்க்கிடம் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். பாதி மேசையில் சிந்தியது. பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். யெசேனியா வெள்ளிக்கிழமை காட்டுக்குள் போகும் முன்பே ஐஸ்கிரீம் வாங்கியதால், அதில் அவள் வந்து சேர்ந்தவள். அதைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். வெளியே வராதவர் என்று குறிக்க அதில் இடமே இல்லையாம்.

உன் நேர்ப்பாதையோடு வயலை டிரோன் படமெடுத்துவிட்டது. எலியின் வயிற்றில் கத்தி செருகிய மாதிரி இருக்கிறது. லோகோவைச் சிதைத்தது பற்றி விசாரணை வைத்திருக்கிறார்கள். திங்களன்று நான் போய் நிற்க வேண்டும். கோட்டை வெட்டச் சொன்னது நான்தான் என்று சொல்லப்போகிறேன். பயமாக இருக்கிறது, ஆனால் அது இத்தனை நாள் இருந்த பயம் இல்லை. டுவெய்ன் சொன்னபடி காலையிலேயே வெட்ட நீ ஒத்துக்கொண்டிருந்தால், என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியமில்லை.

சிக்னே

*

செப்டம்பர் 11

சிக்னே,

வெட்டச் சொன்னது நீ இல்லை. விசாரணையில் பொய் சொல்லாதே. திங்கள் கடந்துவிட்டது, சொல்லியிருப்பாய். நாற்காலி போனால் இங்கே வா. சுவரோரம் நிற்க ஆள் குறைவு.

சோளம் மண்ணில் சாய்ந்து கிடக்கிறது. மெஷின் இன்னும் உள்ளே இறங்கவில்லை. டுவெய்ன் தினமும் வந்து வேலியோரம் நின்று பார்க்கிறான். நேற்று வலது கன்னத்தில் தேடி அந்த ஷூவை எடுத்துக்கொண்டு வந்தான். கழுவி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

கன்னத்தில் அவள் உட்கார்ந்திருந்த இடம் தெரிகிறது. தண்டுகள் மடங்கிக் கிடக்கின்றன. என் பூட்ஸ் தடமும் பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வரிசை.

நல்ல சத்தமாகக் குரல் கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறாய். என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று எழுதவில்லை. அவளிடம் கேட்டு எழுது. உன் கடிதம் வந்ததிலிருந்து, அவள் கூப்பிட்டிருக்கக்கூடிய சொல் ஒவ்வொன்றாக என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எல்டன்